ஓய்வில் இருக்கும்போது விழுந்த நெட்வொர்க் கார்டு: ஒரு வீட்டு ஃபயர்வாலின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவையின் புறநகரில் உள்ள ஒரு வீட்டில் கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், மனைவியின் தாயார் என நால்வர் வசிக்கிறார்கள். கணவனும் மனைவியும் வாரத்தின் பெரும்பாலான நாட்களில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்ப்பவர்கள். அலுவலக மடிக்கணினிகளையும் வீட்டைச் சுற்றிப் பொருத்திய கண்காணிப்பு கேமராக்களையும் மற்றச் சாதனங்களிலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்பதற்காக, இணைய நிறுவனம் தந்த ஓஎன்டி பெட்டியை (ஒளியிழை வந்து சேரும் பெட்டி) தரவை வெறுமனே கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றிவிட்டு, அதன் பின்னால் ஒரு மினி பிசியை ஃபயர்வாலாக வைத்திருந்தார்கள்.

அந்த மினி பிசியில் என்100 செயலியும் நான்கு 2.5 கிகாபிட் ஈதர்நெட் போர்ட்டுகளும் உண்டு. விசிறி கிடையாது, உடலே வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியப் பெட்டி. நான்கு போர்ட்டுகளுக்கும் நான்கு தனித்தனி நெட்வொர்க் சிப்புகள் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டு, ஒவ்வொன்றும் செயலியோடு பேசத் தனக்கென ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் தடத்தில் அமர்ந்திருந்தன. பேச்சு வழக்கில் கார்டு என்று சொன்னாலும் கழற்றி மாற்றக்கூடிய கார்டு எதுவும் இதில் இல்லை என்பதை முதலிலேயே குறிப்பிட வேண்டும். சந்தேகம் வந்தால் அதை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகிப் பார்ப்போம் என்ற வழி தொடக்கத்திலேயே அடைபட்டிருந்தது. மென்பொருள், ரவுட்டர்களுக்கான லினக்ஸ் இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி 23.05. முதல் போர்ட் ஓஎன்டிக்கு (வெளி போர்ட்), இரண்டாவது போர்ட் வீட்டுச் சாதனங்களின் கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கு (உள் போர்ட்). இணைப்பு பிபிபிஓஇ வழியாக, அதாவது கணக்கு விவரம் கொடுத்து நிறுவனத்தோடு இணையும் முறையில், ஏற்பட்டது; ஃபயர்வாலில் அதைக் கவனிப்பது பிபிபி மென்பொருள். கேமராக்களின் பதிவு ஒரு விலானிலிருந்து (மென்பொருளால் பிரித்த தனி வலை) இன்னொரு விலானில் உள்ள சேமிப்புப் பெட்டிக்கு ஃபயர்வாலைக் கடந்தே போனது. இந்தச் சிறு விவரம் பின்னால் வேண்டியிருக்கும்.

கணவர் எனக்குப் பழைய நண்பர். பழுதைத் தேடும் வேலையில் நான் பெரும்பாலும் தொலைபேசி வழியாகவும் இறுதிக் கட்டத்தில் நேரிலும் உடனிருந்தேன்.

முதல் அறிகுறிகள்

பெட்டி வந்து சில வாரங்கள் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடியது. அதன் பிறகு, காலையில் எழுந்து பார்த்தால் இணையம் இல்லை என்ற நிலை அவ்வப்போது ஏற்படத் தொடங்கியது. ஃபயர்வாலின் நிர்வாகப் பக்கம் திறந்தது, வீட்டுக்குள் உள்ள சாதனங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன, கேமராப் பதிவும் அறுபடவில்லை. வெளி இணைப்பு மட்டும் செத்திருந்தது. வெளி போர்ட்டின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஓஎன்டியிலும் ஒளியிழை விளக்கு நிலையாகவே இருந்தது.

விளக்கு எரிகிறது, இணையம் இல்லை என்றால் பழி இணைய நிறுவனத்தின் மேல் விழுவது இயல்பு. நிர்வாகப் பக்கத்தில் அப்போது தெரிந்த கடைசி வரிகளும் அதையே சொல்வதுபோல இருந்தன: பிபிபி மென்பொருள் அனுப்பிய எதிரொலிக் கோரிக்கைகளுக்கு மறுமுனையிலிருந்து பதில் இல்லை, ஆகவே இணைப்பு துண்டிக்கப்பட்டதாகத் தெரிகிறது என்று. நிறுவனத்தின் பணியாளர் வந்து பேட்ச் கேபிளை மாற்றினார். அடுத்த முறை ஓஎன்டியையே மாற்றினார். இரண்டுக்குப் பின்னும் அதே சிக்கல் திரும்பி வந்தது.

நிர்வாகப் பக்கத்திலிருந்து ரீபூட் கொடுத்தால் சில முறை சரியானது, சில முறை ஆகவில்லை. மின்சாரத்தையே துண்டித்துக் கொடுத்தால் மட்டும் எப்போதும் சரியானது. "ப்ளக்கப் புடுங்கி மாட்டு கண்ணு, வந்துரும்" என்று பாட்டி பேரனிடம் சொல்வது வீட்டின் நிலையான மருத்துவமாக மாறிவிட்டிருந்தது. கேட்கச் சாதாரணமாக இருந்தாலும், மென்மையான ரீபூட் போதாமல் முழு மின்துண்டிப்பு தேவைப்பட்டது என்பதே முதல் நல்ல துப்பு. இணைப்பின் மறுமுனையில் கோளாறு என்றால் இந்த இரண்டுக்கும் வேறுபாடு இருக்கக் காரணமில்லை. இங்கே உள்ள ஏதோ ஒரு சிப் மின்சாரம் அற்றுப்போனால்தான் தெளிகிறது என்று பொருள்.

இதற்கிடையே வேறொரு ஆபத்தும் வளர்ந்துகொண்டிருந்தது. அலுவலக அழைப்பு நடக்க வேண்டிய காலை நேரங்களில், பொறுமையிழந்த வீட்டார் ஓஎன்டியைப் பழையபடி ரவுட்டர் முறைக்கு மாற்றி ஸ்விட்சை நேராக அதில் செருகிவிட்டார்கள். அந்த மணிகளில் கேமராக்களுக்கும் அலுவலக மடிக்கணினிகளுக்கும் நடுவே இருந்த பிரிவினை ஏதுமின்றிப் போனது. நம்ப முடியாத ஃபயர்வாலை வீட்டார் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பழுதைச் சீக்கிரம் தீர்க்க வேண்டியதற்கு இணைய வசதியை விட இதுவே வலுவான காரணம் என்று எனக்குப் பட்டது.

தடயத்தைக் காப்பாற்றுதல்

ஓப்பன்டபிள்யூஆர்டி தன் லாக்கை, அதாவது நிகழ்வுப் பதிவை, வழக்கமாக நினைவகத்தில்தான் வைத்திருக்கும், வட்டில் எழுதாது. ஃபிளாஷ் நினைவகம் தேயாமல் இருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது, சிறிய ரவுட்டர்களுக்கு நியாயமானதும்கூட. ஆனால் ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கியபோதும் பழுதின் தடயம் முழுவதும் அழிந்தது. நிர்வாகப் பக்கத்தில் எஞ்சியதும் போதுமானதாக இல்லை: பிபிபி மென்பொருள் மீண்டும் மீண்டும் இணைய முயன்று எழுதிய வரிகள் அந்தச் சிறிய இடத்தை நிரப்பி, பழுதின் முதல் கணத்தை வெளியே தள்ளிவிட்டிருந்தன. நண்பர் பார்த்ததெல்லாம் விளைவின் லாக். காரணத்தின் லாக் அதற்கு முன்பே மறைந்திருந்தது.

ஆகவே எதையும் சரிசெய்ய முயல்வதற்கு முன் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. ஒன்று, விளம்பரத் தடுப்புக்காக வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ராஸ்பெரி பை கணினிக்கு ஃபயர்வாலின் லாக்கை 514ஆம் போர்ட் (இது கேபிள் துளையல்ல, மென்பொருள் எண்) வழியாக அனுப்புவது. விழுவது வெளி போர்ட் மட்டும்தான் என்பதால் உள் போர்ட் வழியாக லாக் போய்ச் சேரும் என்று எதிர்பார்க்கலாம். இரண்டு, அடுத்த முறை விழுந்தால் பிளக்கைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பக்கத்துச் சுவரில் ஒட்டுவது: விளக்குகளைக் கைபேசியில் படமெடுக்கவும், நேரத்தைக் குறிக்கவும், பிசிஐ சாதனப் பட்டியலையும் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் செய்திகளையும் கோப்பில் சேமிக்கவும், பிறகு பிடுங்கலாம். கட்டளைகளை மகன் ஒரே ஸ்கிரிப்டாக எழுதிவைத்தான். அதிகாலையில் யாரும் நீளமான கட்டளைகளைப் பிழையின்றித் தட்டச்சு செய்வதில்லை.

இணைப்பு போனால் தானாக ரீபூட் செய்யும் ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்துவிடலாமே என்று நண்பர் கேட்டார். அதை ஒத்திவைக்கச் சொன்னேன். மென்மையான ரீபூட் எப்போதும் பலிக்கவில்லை என்பது ஒரு காரணம். தடயம் கைக்கு வரும் முன்பே அதைத் துடைத்துவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

லாக் சொன்னது

அடுத்த வீழ்ச்சி அதிகாலையில் நடந்தது. ராஸ்பெரி பையில் சேர்ந்திருந்த லாக்கில், அதற்கு முன் வெகுநேரம் குறிப்பிடத்தக்க வரி எதுவும் இல்லை. திடீரென நெட்வொர்க் சிப்பை இயக்கும் மென்பொருளான (டிரைவர்) ஐஜிசியிடமிருந்து ஒரு செய்தி: பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு தொலைந்தது, சாதனம் பிரிக்கப்பட்டது. அதன் கீழே கெர்னலின் அழைப்புத் தடம், அதாவது அந்தக் கணத்தில் எந்த நிரல் எதை அழைத்தது என்ற பட்டியல். பிபிபி மென்பொருளின் புகார் அதற்குப் பிறகே தொடங்கியது. மறுமுனை பதில் சொல்லவில்லை என்ற வரி பொய்யல்ல, ஆனால் கேள்வியே இங்கிருந்து வெளியே போகவில்லை. வரிகளின் வரிசை கைக்கு வந்ததும் இணைய நிறுவனத்தின் மேலிருந்த ஐயம் நீங்கியது.

மகன் ஓட்டிய ஸ்கிரிப்டில் இன்னும் தெளிவான சான்று இருந்தது. பிசிஐ பட்டியலில் நான்கு சிப்புகளில் மூன்று தம் வழக்கமான திருத்த எண்ணுடன் (சிப்பின் பதிப்பு எண்) இருக்க, வெளி போர்ட்டின் சிப்புக்கு எதிரே மட்டும் திருத்த எண் எஃப்எஃப் என்று காட்டியது. அது உண்மையான எண் அல்ல. பதில் சொல்ல யாரும் இல்லாத முகவரியைப் படித்தால் பிசிஐ எக்ஸ்பிரஸில் எல்லா பிட்டுகளும் 1 ஆகவே திரும்பி வரும்; அதைப் பதினறும எண்ணில் எழுதினால் எஃப்எஃப். டிரைவரும் இதே அடையாளத்தைத்தான் நம்புகிறது: சிப்பினுள் உள்ள சிறு நினைவிடமான ஒரு ரெஜிஸ்டரைப் படிக்கும்போது 32 பிட்டுகளும் 1 ஆக வந்தால், இன்னொரு ரெஜிஸ்டரையும் படித்துப் பார்த்து, அதுவும் அப்படியே வந்தால் சாதனம் போய்விட்டதென்று முடிவுசெய்து, அதன் பிறகு அதைத் தொடுவதையே நிறுத்திவிடும். மென்பொருளில் அந்தப் போர்ட்டை (இன்டர்ஃபேஸ்) இறக்கி ஏற்றினாலும் பயனில்லாமல் போனதற்கு இதுவே காரணம். பெயர் பட்டியலில் இருந்தும், ஏற்ற முயன்றால் அப்படி ஒரு சாதனம் இல்லை என்றே பதில் வந்தது.

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்ததும் இதனோடு பொருந்துகிறது. கேபிளோடு பேசும் பகுதியும் செயலியோடு பேசும் பகுதியும் ஒரே சிப்பில் இருந்தாலும் ஒன்று செத்தபின் மற்றொன்று உயிரோடு இருக்க முடியும். விளக்கு சொல்வது கேபிள் பக்கத்துக் கதையை மட்டுமே.

ஆக, கேள்வி சுருங்கியது. சிப்புக்கும் செயலிக்கும் இடையிலான இணைப்பு ஏன் அறுகிறது?

விலக்கிய காரணங்கள்

எளிதானவற்றை முதலில் எடுத்துக்கொண்டோம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் என்பதில் கொஞ்சம் பிடிவாதமாக இருக்க வேண்டியிருந்தது.

ஒரு சிப் மட்டும் கெட்டுப்போயிருக்கலாம் என்ற ஐயத்தைத் தீர்க்க, வெளி இணைப்பை மூன்றாவது போர்ட்டுக்கு மாற்றினோம். சில நாட்களில் மூன்றாவது போர்ட்டின் சிப் அதே செய்தியுடன் விழுந்தது. பழுது ஒரு சிப்பைச் சார்ந்ததல்ல, அது செய்யும் வேலையைச் சார்ந்தது என்று இதனால் தெரிந்தது.

வெப்பம் என்பதுதான் வீட்டாரின் உறுதியான நம்பிக்கை, ஏனென்றால் பெட்டியைக் கையால் தொட்டால் சுட்டது. பெட்டி தொலைக்காட்சி அலமாரிக்குள் இருந்தது. அதை வெளியே எடுத்து மேலே ஒரு யுஎஸ்பி விசிறியையும் வைத்தார்கள். பலன் இல்லை. செயலியின் வெப்பநிலைப் பதிவைப் பார்த்தால் உச்சம் பிற்பகலில். வீழ்ச்சிகளோ பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு, வீடு குளிர்ந்திருக்கும் நேரத்தில். மின்சாரம் அடுத்த சந்தேகம். இன்வெர்ட்டர் மாறும் கணங்களோடு நேரத்தை ஒப்பிட்டபோது ஒத்துப்போகவில்லை. 12 வோல்ட் அடாப்டரை வேறொன்றுக்கு மாற்றியும் வேறுபாடு இல்லை. ஈதர்நெட்டின் மின்சேமிப்பு வசதியான ஈஇஇ-யையும் அணைத்துப் பார்த்தோம். அது காரணமாக இருந்திருந்தால் லாக்கில் இணைப்பு இறங்கி ஏறும் வரிகள் இருந்திருக்க வேண்டும், இங்கே அவை இல்லை. அணைப்பது எளிது என்பதற்காக மட்டுமே செய்தோம்.

சுமைச் சோதனையின் மௌனம்

பழுதை வேண்டுமென்றே வரவழைக்க, வலை வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 நிரல் கொண்டு வெளி போர்ட்டாகப் பயன்பட்ட சிப்பின் வழியாக ஓர் இரவு முழுக்க முழு வேகத்தில் தரவை ஓட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. நண்பர் சோர்ந்துபோனார், பழுது பிடிபடவில்லை என்பது அவர் கணக்கு. என் கணக்கில் அதுவரை செய்த சோதனைகளிலேயே அதிகம் பேசியது அதுதான். வேலை மிகும்போது விழாமல் நிற்கிறது, வேலை குறையும்போது விழுகிறது என்றால் தேட வேண்டியது ஓய்வு நேரத்தில் சிப்புக்கு என்ன நடக்கிறது என்பதை. வன்பொருளைச் சந்தேகித்தால் சுமையேற்றிப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இந்த வகைப் பழுதில் அந்தச் சோதனை, பழுதுக்குத் தேவையான சூழலையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

ஓய்வு நேரத்தில் நடப்பது மின்சேமிப்பு. பிசிஐ எக்ஸ்பிரஸில் ஏஎஸ்பிஎம் என்ற ஏற்பாடு உண்டு: தரவு ஓடாத இடைவெளிகளில் தடத்தை எல்1 என்ற ஓய்வு நிலைக்கு அனுப்பி, தேவைப்படும்போது எழுப்பும். எல்1-க்குள்ளேயே இன்னும் ஆழமான துணை நிலைகளும் உண்டு. ஆழம் கூடக் கூட மின்சாரம் மிச்சம், ஆனால் எழ எடுக்கும் நேரமும் கூடும். இதை இரு முனைகளும், பெட்டி துவங்கும்போது அவற்றை அமைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸும் ஒரே மாதிரி புரிந்துகொண்டு நடந்தால் யாருக்கும் தெரியாமல் நாளெல்லாம் நடந்துகொண்டிருக்கும். ஒரு முனை எழாமல் போனால் மறுமுனைக்கு வருவது எல்லா பிட்டுகளும் 1 ஆன பதில்தான்.

உள் போர்ட் ஒருமுறைகூட விழாததற்கு, கேமராக்களின் ஓடை இரவும் பகலும் அதன் வழியாகப் போய்க்கொண்டிருந்ததால் அதன் சிப் ஆழ்ந்த நிலைக்கு இறங்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது காரணமாக இருக்கலாம். இது பொருத்தமான விளக்கமே தவிர, கேமராக்களை நிறுத்தி அதைத் தனியே சோதிக்கவில்லை.

பாதி பலித்த தீர்வு

ஏஎஸ்பிஎம்-ஐ நிறுத்த எல்லோரும் முதலில் சொல்லும் வழி, கெர்னலின் துவக்க வரியில் பிசிஐஇ ஏஎஸ்பிஎம் அளவுருவுக்கு ஆஃப் என்ற மதிப்பைக் கொடுப்பது. நண்பர் கெர்னலைத் துவக்கும் நிரலான க்ரப்பின் அமைப்புக் கோப்பைத் திருத்தி அதைச் சேர்த்தார். வழக்கமான இடைவெளியை விட நீண்ட நாட்கள் அமைதியாகக் கழிந்தன. பழுது தீர்ந்தது என்றே வீட்டில் பேச்சு. பிறகு மீண்டும் அதே செய்தி, அதே எஃப்எஃப்.

இந்த முறை, வேலை செய்துகொண்டிருந்த சிப்புகளின் நிலையை விரிவான பிசிஐ பட்டியலில் பார்த்தோம். இணைப்புக் கட்டுப்பாடு என்ற வரியில் நான்கிலும் எல்1 இயக்கத்தில் என்றே இருந்தது. அளவுரு செயல்பட்டது, ஆனால் நாங்கள் எண்ணியதைச் செய்யவில்லை. லினக்ஸ் கெர்னலின் பழைய ஆவணங்களில் இந்த மதிப்புக்கு நேரே ஏஎஸ்பிஎம்-ஐ முடக்கும் என்று மட்டும் எழுதியிருக்கும். பின்னர் வந்த ஆவணம் இதைத் திருத்தி, கெர்னல் ஏஎஸ்பிஎம் அமைப்பைத் தொடவே தொடாது, ஃபர்ம்வேர் செய்துவைத்ததை அப்படியே விட்டுவிடும் என்று விளக்குகிறது. அதாவது பயாஸ் எல்1-ஐ இயக்கி வைத்திருந்தால், ஆஃப் என்று எழுதிய பிறகும் அது இயக்கத்திலேயே இருக்கும். நடுவே வந்த அமைதி தற்செயல்.

ஒரு மாற்றத்தைச் செய்த பின், பழுது வருகிறதா என்று நாள் கணக்கில் காத்திருப்பதற்கு முன், மாற்றம் உண்மையில் நடந்ததா என்று ஒரு நிமிடத்தில் சரிபார்க்க முடிந்தால் அதை முதலில் செய்ய வேண்டும். இந்த நிகழ்வில் அதிக நாட்களை விழுங்கியது இந்த இடம்தான்.

பயாஸ் மாற்றம்

அடுத்த ஞாயிறன்று நேரில் போய், பெட்டியை ஹெச்டிஎம்ஐ வழியாகத் தொலைக்காட்சியில் இணைத்து, ஒரு விசைப்பலகையைச் செருகி பயாஸுக்குள் நுழைந்தோம். இத்தகைய பெட்டிகளின் பயாஸில் நூற்றுக்கணக்கான அமைப்புகள் திறந்தே கிடக்கும். தேவையற்றதைத் தொட்டால் பெட்டி எழாமலே போகலாம். ஆகவே மாற்றும் முன் ஒவ்வொரு திரையையும் படமெடுத்துக்கொண்டோம். சிப்செட் பிரிவுக்குள், பிசிஐ எக்ஸ்பிரஸ் ரூட் போர்ட் (தடத்தின் செயலிப் பக்கத்து முனை) ஒவ்வொன்றுக்கும் ஏஎஸ்பிஎம், எல்1 துணை நிலைகள் என இரண்டு அமைப்புகள் இருந்தன. இரண்டும் தானியங்கி என்ற நிலையில் இருந்தன. நெட்வொர்க் சிப்புகள் அமர்ந்த நான்கு ரூட் போர்ட்டுகளிலும் இரண்டையும் முடக்கினோம். துணை நிலைகளை மட்டும் முடக்கி எல்1-ஐ விட்டுவைத்துச் சோதித்திருக்கலாம்; எது குற்றவாளி என்று துல்லியமாகத் தெரிந்திருக்கும். ஆனால் வீட்டார் பல வாரங்கள் சலித்துப்போயிருந்தார்கள், சேமிப்போ மிகச் சிறியது. துல்லியத்தை விட்டுக்கொடுத்தோம்.

ரீபூட் ஆனதும் செய்த முதல் வேலை அதே விரிவான பட்டியலைப் பார்ப்பது. நான்கிலும் ஏஎஸ்பிஎம் முடக்கம் என்று காட்டியது.

விளைவு

அதன் பிறகு வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதும், அடிக்கடி வந்த மின்தடைகளையும் சேர்த்து, அந்தச் செய்தி லாக்கில் ஒருமுறைகூட வரவில்லை. ராஸ்பெரி பையில் லாக் தொடர்ந்து சேர்வதால் யாரும் கவனிக்காத நேரத்தில் வந்துபோயிருக்கும் என்ற ஐயத்துக்கும் இடமில்லை. பிளக் அளவியில் பார்த்தபோது மின்செலவு ஓரிரு வாட் கூடியிருந்தது. பெட்டி முன்பை விடச் சற்று அதிகமாகவே சுடுகிறது, ஆனால் விழவில்லை. விசிறியை எடுத்துவிட்டார்கள். வெளி இணைப்பு மீண்டும் முதல் போர்ட்டுக்கே திரும்பியது. ஓஎன்டியை ரவுட்டர் முறைக்கு மாற்றும் அவசர வழக்கமும் அத்தோடு நின்றது.

கெர்னல் அளவுருவை நீக்கிவிட்டோம். பயன் தராத ஒரு மாற்றத்தை அப்படியே விட்டுவைத்தால் பின்னால் பெட்டியைப் பார்ப்பவர் அதுதான் தீர்வு என்று எண்ணிக்கொள்வார். தவிர, இந்த வகைப் பெட்டியில் ஓப்பன்டபிள்யூஆர்டியை மேம்படுத்தும்போது க்ரப் கோப்பில் கையால் செய்த திருத்தம் அழிந்துவிடும்.

இனி வேறு விதமாகச் செய்வது

புதிய ஃபயர்வால் பெட்டி எதை அமைத்தாலும், விதிகளை எழுதும் நாளிலேயே லாக்கை வேறொரு கணினிக்கு அனுப்பும் ஏற்பாட்டையும் செய்துவிடுவது என்று நண்பர் முடிவுசெய்திருக்கிறார். அது முதலிலிருந்தே இருந்திருந்தால் பேட்ச் கேபிளும் ஓஎன்டியும் மாற்றப்பட்டிருக்க வேண்டியதில்லை.

பயாஸ் அமைப்பு நிலையானதல்ல. பலகையில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்தாலோ பயாஸை மேம்படுத்தினாலோ தானியங்கி நிலைக்குத் திரும்பக்கூடும். ஆகவே ஒவ்வொரு துவக்கத்திலும் நான்கு சிப்புகளின் ஏஎஸ்பிஎம் நிலையைப் படித்து, எதிலாவது எல்1 இயக்கத்தில் இருந்தால் லாக்கில் எச்சரிக்கை எழுதும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை மகன் சேர்த்திருக்கிறான். முடக்கத் தெரிந்த ஸ்கிரிப்டாகவே எழுதியிருக்கலாமே என்று கேட்கலாம். அமைப்பு மாறியது என்பது வீட்டாருக்குத் தெரிய வேண்டும் என்பதால் எச்சரிக்கையோடு நிறுத்தினோம்.

ஃபயர்வால் உண்மையிலேயே செத்துப்போகும் நாளுக்கும் ஓர் ஏற்பாடு தேவை என்று தெரிந்தது. ஒரு பழைய ரவுட்டரில் அதே விலான் பிரிவுகளைக் குறைந்த விதிகளோடு அமைத்து, பிபிபிஓஇ கணக்கு விவரத்தையும் ஏற்றி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். வேகம் குறைவுதான், ஆனால் கேமராக்கள் அலுவலக மடிக்கணினிகளோடு ஒரே வலையில் வந்து சேராது. சுவரில் ஒட்டிய தாளில் இப்போது கடைசி வரியாக, எந்தக் கேபிளை அந்த ரவுட்டரின் எந்தத் துளையில் செருக வேண்டும் என்பது பாட்டிக்கும் புரியும்படி நிறக் குறியோடு எழுதப்பட்டிருக்கிறது.